சண்டை முடிந்த மறுநாள்

(பாபநாசத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்றுதான் அழைத்தார்கள். சூப்பர் ஹீரோக்களும் ராட்சத மிருகங்களும் மோதிக்கொள்ளும் காமிக்ஸ் பற்றிப் பேசுகிறேன் என்றதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சம்பா நடவு முடிந்து இடுப்பு நிமிர நேரமில்லாத ஜனங்களிடம் இதையா பேசுவது என்று யோசித்திருப்பார்கள். பேசலாம். குடமுருட்டிக் கரையில் பேசுவதற்கு ஏற்ற பொருள்தான் இது. ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் கதை. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம், லெஜண்டரி நிறுவனத்தோடு சேர்ந்து ஏழு இதழ்கள் கொண்ட ஒரு தொடரைத் தொடங்கியது. பெயர் ‘ஜஸ்டிஸ் லீக் வெர்சஸ் காட்ஜில்லா வெர்சஸ் காங்’. எழுதியவர் பிரையன் புச்செலாட்டோ, வரைந்தவர் கிறிஸ்டியன் டூசே. ஒரு பக்கம் சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன், ஃப்ளாஷ் என்று பெரிய ஜமா. மறுபக்கம் கடலிலிருந்து எழுந்து வருகிற காட்ஜில்லா, மலை போன்ற குரங்கு காங், அவற்றோடு இன்னும் பல பூதங்கள். இரண்டும் வேறு வேறு உலகங்கள். வில்லன்கள் கூட்டம் ஒன்று கைவைக்கக் கூடாத பொருளில் கைவைத்ததால் உலகங்களுக்கு நடுவே வழி திறந்துகொள்கிறது. அந்த உலகத்துப் பூதங்கள் இந்த உலகத்து நகரங்களுக்குள் வந்து விழுகின்றன. காதலி லோயிஸிடம் கல்யாணப் பேச்சை எடுக்கலாம் என்று சூப்பர்மேன் நாள் பார்த்து வைத்திருந்த சமயம் அது. தொடக்க இதழ்களிலேயே காட்ஜில்லாவோடு மோதிப் படுகாயத்தோடு விழுந்தும் விடுகிறார். சூப்பர்மேனே விழுந்துவிட்டார் என்றால், அடுத்த இதழை வாங்காமல் யாரால் இருக்க முடியும்?

இப்படி ஒரு கதையின் ஆட்கள் இன்னொரு கதைக்குள் புகுவதைத்தான் கிராஸ்ஓவர் என்கிறார்கள். 1976-இல் டிசியின் சூப்பர்மேனும் மார்வெலின் ஸ்பைடர்மேனும் ஒரே புத்தகத்தில் மோதினார்கள். கொஞ்சம் அடித்துக்கொண்டு, பிறகு கைகோத்து வில்லன்களைப் பிடித்தார்கள். காட்ஜில்லாவையும் 1977-லிருந்து 1979 வரை மார்வெல் நிறுவனம் 24 இதழ்களுக்கு அமெரிக்காவில் உலவ விட்டிருக்கிறது. இன்னும் பின்னால் போனால், 1960-இல் ஜஸ்டிஸ் லீக் முதன்முதலாக ஒன்றுகூடியதே ஸ்டாரோ என்ற ராட்சத நட்சத்திர மீனை எதிர்க்கத்தான். அடுத்த வருஷம் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழின் அட்டையில் தெருவைப் பிளந்துகொண்டு ஒரு பூதம் எழும்புகிறது. பல நாயகர்களை ஒரே பக்கத்தில் நிறுத்த வேண்டுமென்றால், அத்தனை பேருக்கும் வேலை கொடுக்கிற அளவுக்குப் பெரிய எதிரி வேண்டும். தனித்தனிக் கடை வைத்திருந்த நாயகர்களை ஒரே சந்தைக்கு இழுத்து வந்தது பூதம்தான்.

இந்த வகைப் புத்தகங்கள் எல்லாம் வாசகனிடம் கேட்பது ஒரே கேள்வி: யார் ஜெயிப்பார்? பள்ளிக்கூட வாசலில் ஐஸ் வாங்கிக்கொண்டு நாமும் இதைத்தான் கேட்டோம். இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் மோதினால் யார் ஜெயிப்பார்? 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவந்தபோது முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. ஸ்பைடரும் (மார்வெலின் ஸ்பைடர்மேன் அல்ல), சட்டித்தலையன் ஆர்ச்சி என்ற ரோபோவும் அதன் வழியாக நம் வீடுகளுக்குள் நுழைந்தார்கள். மூவரும் பிறப்பால் பிரிட்டன்காரர்கள். நம்மூர்ப் பையன்கள் அவர்களைச் சிவகாசிக்காரர்களாகவே பாவித்தார்கள். ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். பெயர் தெரியாமலே தஞ்சாவூர்ப் பையன்கள் அவரைப் படித்திருக்கிறார்கள்.

நம் பந்தயத்துக்கு விடை வந்ததா? பாதி வந்தது. 2005-இல் ‘ஆல்பியன்’ என்ற ஆறு இதழ்த் தொடரில் ஆலன் மூர், அவர் மகள் லியா மூர், ஜான் ரெப்பியன் ஆகியோர் இந்தப் பழைய பிரிட்டிஷ் நாயகர்களை ஒரே கதைக்குள் கொண்டுவந்தார்கள். மாயாவி உண்டு, ஸ்பைடர் உண்டு, ஆர்ச்சி உண்டு. ஆனால் யார் பலசாலி என்று பார்க்கிற கதை அல்ல அது. வேலை முடிந்த நாயகர்களை அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்கிற கதை. சிறையில் வைத்திருக்கிறது. நான் இன்று பேச வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

யார் ஜெயிப்பார் என்ற கேள்விக்கு வருவோம். 1962-இல் ஜப்பானின் டோஹோ நிறுவனம் ‘கிங் காங் வெர்சஸ் காட்ஜில்லா’ என்று படம் எடுத்தது. அதைப் பற்றி ஒரு வதந்தி பல வருஷம் உலகம் சுற்றியது. ஜப்பானில் ஓடிய படத்தில் காட்ஜில்லா ஜெயிக்கும், அமெரிக்காவில் ஓடிய படத்தில் காங் ஜெயிக்கும் என்று. உண்மையில் இரண்டிலும் முடிவு ஒன்றுதான். இரண்டும் கடலில் விழுகின்றன. காங் மட்டும் மேலே வந்து நீந்திப் போகிறது. ஆனாலும் வதந்தியை ஏன் அத்தனை பேர் நம்பினார்கள்? அவரவர் ஊர்க்காரன் ஜெயிப்பதுதான் நியாயம் என்று அவரவருக்குத் தோன்றியது.

அங்கே வதந்தியாக இருந்தது இங்கே நிஜமாகவே இருக்கிறது. கும்பகோணம் போகிற வழியில் தாராசுரத்தில் இறங்குங்கள். இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். அங்கே சரபருக்கு ஒரு சிறு சன்னதி உண்டு. சிங்க முகம், சிறகுகள். அவர் பிடியில் நரசிம்மம். இன்னும் கிழக்கே போனால் மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய திருபுவனம். அங்கேயும் சரபருக்குத் தனிச் சன்னதி. ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் போய்ப் பாருங்கள், கூட்டத்தை. கதை உங்களுக்குத் தெரியும். இரணியனைக் கிழித்த பிறகும் நரசிம்மத்தின் கோபம் அடங்கவில்லை. தேவர்கள் நடுங்கிப் போய்ச் சிவனிடம் ஓடினார்கள். சிவன் சரபமாக வந்து அடக்கினார். இது சைவர் சொல்லும் முடிவு. வைணவர் சொல்லும் கதை அங்கே நிற்பதில்லை. சரபத்தைப் பார்த்ததும் நரசிம்மம் கண்டபேருண்டமாக, இரட்டைத் தலைப் பறவையாக எழுந்து சரபத்தையே அடக்கியது என்று அது மேலே போகிறது. அந்தக் கண்டபேருண்டம்தான் இன்று கர்நாடக அரசின் முத்திரையில் இருக்கிறது. காவிரி வருகிற திசையிலிருந்து பார்த்தால் ஒருவர் ஜெயித்திருக்கிறார். காவிரி போய்ச் சேருகிற திசையிலிருந்து பார்த்தால் இன்னொருவர். சைவ வைணவச் சண்டை மூட்ட நான் வரவில்லை. இருதரப்பும் இருக்கிற சபை இது, நானும் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும். சொல்ல வருவது இவ்வளவுதான்: யார் ஜெயித்தார் என்பதைக் கதை தீர்மானிப்பதில்லை, கதை யார் கையில் இருக்கிறதோ அவர் தீர்மானிக்கிறார். டிசி அச்சடித்தால் சூப்பர்மேன் எழுந்து வருவார். அப்படிப் பார்த்தால், வாசகனுக்கு ரொம்பக் குறைவாகச் சொல்கிற கேள்வி இது.

ஆனால் அதே சரபர் கதையில் இன்னொன்று இருக்கிறது, கவனித்தீர்களா? நரசிம்மம் நாயகன். அரக்கனைக் கொன்றாயிற்று, பிரகலாதன் பிழைத்தாயிற்று, படம் முடிந்தது, விளக்குப் போட்டுவிடலாம். அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. ஜெயித்தவரே இப்போது உலகத்துக்கு ஆபத்து. அசுரனை அடிக்கக் கிளம்பிய கோபம் அசுரன் செத்த பிறகும் நிற்கவில்லை. சைவர் முடிவையோ வைணவர் முடிவையோ எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே தொடங்குகிற இடம் இதுதான். ஜெயித்த பிறகு நாயகனை என்ன செய்வது? திருபுவனத்தில் மூலவருக்குப் பெயர் நடுக்கம் தீர்த்த பெருமான். நம் பக்கத்துக் கோயில்கள் வெற்றியை மட்டும் கொண்டாடவில்லை, வெற்றிக்குப் பின் வருகிற நடுக்கத்தையும் கவனித்திருக்கின்றன.

மாயாவியும் இப்படித்தான் தொடங்கினார். ஆய்வுக்கூட விபத்தில் சக்தி வந்தது. மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர மற்ற உடம்பு மறைந்துவிடும். அந்தச் சக்தி கிடைத்ததும் அவர் முதலில் போனது குற்றத்தின் பக்கம். ஸ்பைடரோ திருடர்களின் ராஜாவாக வேண்டுமென்றே கிளம்பியவர். இருவரும் பிறகுதான் நல்ல பக்கம் வந்தார்கள். நாம் கைதட்டிய நாயகர்களுக்குள் பூதம் ஏற்கெனவே இருந்தது.

சரி, பூதத்தின் பக்கமிருந்தும் பார்ப்போம். 1954 மார்ச் 1-ஆம் தேதி பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின் மேல் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் இஷிரோ ஹோண்டா இயக்கிய முதல் ‘காட்ஜில்லா’ படம் வந்தது. குண்டு கலைத்து எழுப்பிய மிருகம் டோக்கியோவை மிதிக்கிறது. யார் மேலும் அதற்குப் பகை கிடையாது. வருகிறது, அவ்வளவுதான். வில்லனுக்கும் பூதத்துக்கும் வித்தியாசம் அதுவே. வில்லனுக்குத் திட்டம் உண்டு, பேச்சு உண்டு, பேரம் உண்டு. பூதத்தோடு பேச முடியாது.

இதை டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதே, அதற்கு நம் மேல் என்ன கோபம்? பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். தென்னை ஒரு வருஷத்துப் பயிரா? தாத்தா வைத்துப் பேரன் பறிப்பது. அந்த இரவில் எந்த நாயகன் வந்து எதை அடித்திருக்க முடியும்? கதை மறுநாள் காலையில் தொடங்கியது. மின்கம்பம் நிமிர்த்த வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், மரம் அறுத்து வழி திறந்தவர்கள், பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் சுமந்தவர்கள். காமிக்ஸ் வரைந்தால் இவர்களுக்கு எத்தனை பக்கம் கிடைக்கும்?

நம் முன்னோர் அந்த மறுநாளுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த ஊரிலேயே திருப்பாலைத்துறை. தாருகாவனத்து முனிவர்கள் ஏவிய புலியைச் சிவன் அடக்கித் தோலை உடுத்தியது இங்கேதான் என்பது தல வரலாறு. மயிலாடுதுறைக்கு அருகே வழுவூரில் யானையை உரித்துப் போர்த்திக்கொண்டார். பூதத்தை அடித்துத் தெருவில் போட்டுவிட்டுப் போகவில்லை, உடம்பில் சுமக்கிறார். அதே பாலைவனநாதர் கோயிலில்தான் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிற்கிறது, செங்கல்லில், கூம்பிய கூரையோடு. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பார்கள். வெள்ளமும் வறட்சியும் வரத்தான் செய்யும் என்று தெரிந்தவர்கள் கட்டியது. ஒரே மதிலுக்குள் புலித்தோல் கதையும் இருக்கிறது, நெல்லும் இருந்திருக்கிறது. நமக்கு வேறென்ன பாடம் வேண்டும்?

இன்னொரு காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கந்த சஷ்டிக்குச் சுவாமிமலைக்கோ வேறு முருகன் கோயிலுக்கோ போனவர்கள் நினைத்துப் பாருங்கள். எதிரில் சூரன் பொம்மை. ஆளைவிடப் பெரிது. தூக்குகிறவர்கள் அதை ஆட்டி ஆட்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். முதலில் யானைத் தலை, தாரகன். வேல் பட்டதும் தலையைக் கழற்றுகிறார்கள். கழற்றுகிற ஆள் வியர்த்து வழிந்து அடுத்த தலையை மாட்டுகிறார், சிங்கமுகன். மறுபடி வேல், மறுபடி கழற்றல், சூரபத்மன். தோளில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு அது மூங்கிலும் காகிதமும் என்று தெரியும். இருந்தாலும் தலை திரும்பும்போது அப்பா முடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஜப்பானிலும் இதே கதைதான். 1954-இல் ஹருவோ நகாஜிமா என்ற நடிகர் கனமான ரப்பர் உடைக்குள் வியர்த்து வழிந்தபடி அட்டை டோக்கியோவை மிதித்தார். பூதத்துக்குள்ளே ஒரு மனுஷன் வியர்ப்பது இரண்டு ஊருக்கும் பொது.

முடிவில் சூரன் மாமரமாகிறான். வேல் அதைப் பிளக்கிறது. பிளந்த பாதி மயில், பாதி சேவல். ஒன்று வாகனம், ஒன்று கொடி. எதிரி அழியவில்லை, வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கஜமுகன் மூஞ்சூறாகிப் பிள்ளையாரைச் சுமந்ததும் இந்தக் கணக்குத்தான். காட்ஜில்லாவுக்கும் அதே நடந்தது பாருங்கள்: 1954-இல் ஊரை அழித்த மிருகம், பத்துப் பதினைந்து வருஷத்தில் ஜப்பானை மற்ற பூதங்களிடமிருந்து காக்கிற காவல் தெய்வமாகி, குழந்தைகளுக்குப் பிடித்த நாயகனாகிவிட்டது. பயந்ததைக் காவலுக்கு வைப்பது நம்முடைய பழக்கம் மட்டுமில்லை.

இப்போது இந்த ஊருக்கு வருகிறேன். சென்னையில் பாபநாசம் என்றால் கமல்ஹாசன் படத்தைச் சொல்கிறார்கள். அது திருநெல்வேலிச் சீமைப் பாபநாசம். நம்முடையது 108 சிவாலயம் இருக்கிற பாபநாசம். அங்கே சொல்லப்படுகிற கதை என்ன? இராமன் போரெல்லாம் முடித்துவிட்டான். கரனும் தூஷணனும் செத்தார்கள், இராவணனும் செத்தான். ஜெயித்த ராஜா, சீதையோடு ஊர் திரும்புகிற வழி. ஆனால் கொன்ற தோஷம் பின்னால் வருகிறது. குடமுருட்டிக் கரையில் நின்று 108 லிங்கம் பிரதிஷ்டை செய்கிறான். காசிக்குப் போன அனுமன் கொண்டுவந்த லிங்கம் வெளியே தனியாக இருக்கிறது. உள்ளே வரிசை வரிசையாக லிங்கங்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறீர்கள். கொல்லப்பட்டவர்கள் கெட்டவர்கள்தானே, அவர்களுக்காக எதற்கு இத்தனை பரிகாரம் என்று இராமன் கேட்கவில்லை. அம்பு விட்டவன் நூற்றெட்டுத் தடவை குனிந்திருக்கிறான்.

சண்டை முடிந்த பிறகு என்ன என்ற கேள்வி அமெரிக்கக் காமிக்ஸிலும் வராமல் இல்லை. எண்பதுகளின் கடைசியில் ட்வேய்ன் மக்டஃபி, எர்னி கொலோன் என்ற இருவர் மார்வெலுக்காக ‘டேமேஜ் கன்ட்ரோல்’ என்று ஒன்றைப் படைத்தார்கள். சூப்பர் ஹீரோக்கள் சண்டையில் உடைத்த கட்டடங்களைச் சரிசெய்து கொடுக்கிற கம்பெனி. பில் யார் கட்டுவது, இன்ஷூரன்ஸ் யார் தருவது என்பதெல்லாம்தான் கதை. சிரிப்பாக இருக்கும், ஆனால் நகைச்சுவைக்கு நடுவே சரியான இடத்தில் கைவைத்தார்கள். மார்வெலின் காட்ஜில்லா தொடர்கூட அடியினால் முடியவில்லை. நியூயார்க்கில் அவெஞ்சர்ஸ் உட்பட எல்லோரும் மோதிக் களைத்த பிறகு, ராப் என்ற சிறுவன் அதனிடம் கெஞ்சுகிறான். அது கடலுக்குள் நடந்து போய்விடுகிறது.

1954 படத்தின் முடிவிலும் மறுநாளைப் பற்றிய கேள்விதான். செரிசாவா என்ற விஞ்ஞானி கையில் காட்ஜில்லாவைக் கொல்லக்கூடிய ஆயுதம் இருக்கிறது. பயன்படுத்தினால் உலகத்துக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு யாராவது அதைக் குண்டாக்குவார்கள். அவர் குறிப்புகளை எரித்துவிட்டு, ஆயுதத்தை ஒரே தடவை பயன்படுத்தி, காட்ஜில்லாவோடு கடலடியிலேயே உயிரை விடுகிறார். பூதத்தை அழிக்கப் போனவர், தன் ஆயுதம் அடுத்த பூதமாகிவிடும் என்று பயந்தார். எழுபது வருஷம் கழித்தும் அந்தப் படம் நிற்பதற்கு ரப்பர் உடை மட்டும் காரணமல்ல.

அப்படியானால் டிசியின் ஏழு இதழ்கள் மோசமா? இல்லை. அட்டையைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார வைக்கிற சித்திரங்கள். வானளாவிய கட்டடங்களுக்கு மேல் காட்ஜில்லாவின் முதுகுச் செதில்கள் நீலமாக எரிகிற பக்கத்தை எந்த வயதுக்காரரும் கொஞ்ச நேரம் பார்ப்பார். குழந்தைகள் படிக்கட்டும். பெற்றோர்கள் பிடுங்கி வைக்காதீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய எத்தனையோ பிள்ளைகளைப் பேச்சுக் குமிழிகள் கரை சேர்த்திருக்கின்றன. தாராசுரத்தில் கருவறையைச் சுற்றி அடிவரிசையில் நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கிப் பெயர் பொறித்து வைத்திருக்கிறார்களே, படமும் எழுத்தும் சேர்ந்து கதை சொல்வதை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒரு குறை சொல்வேன். யார் ஜெயிப்பார் என்று கேட்டே பழகிய கதை, அடுத்த தடவை இன்னும் பெரிய பூதத்தைத்தான் கொண்டுவர முடியும். சரபத்துக்கு மேல் கண்டபேருண்டம், அதற்கு மேல் இன்னொன்று. டிசியும் இரண்டாவது தொடரைத் தொடங்கிவிட்டது. உயரம் கூடக்கூட, கீழே நிற்கிற மனுஷன் சிறுத்துக்கொண்டே போகிறான். கடைசியில் அவன் ஓடுகிற கூட்டத்தில் ஒரு புள்ளி.

பிள்ளைகளே, உங்களில் யாராவது ஒருநாள் வரைவீர்கள். வரையும்போது காட்ஜில்லாவைக் காவிரிப்பூம்பட்டினத்தில் கரையேற்றுங்கள், எனக்கு ஆட்சேபணை கிடையாது. கல்லணையில் கொண்டுபோய் ஆர்ச்சியோடு மோத விடுங்கள். நன்றாக மோதட்டும், பக்கம் பக்கமாக மோதட்டும். ஆனால் கடைசி இதழை முழுக்க மறுநாளுக்கு ஒதுக்குங்கள். உடைந்த மதகை யார் அடைக்கிறார், விதைநெல் யார் வீட்டுப் பத்தாயத்திலிருந்து வருகிறது, ஜெயித்த நாயகன் தோள் கொடுக்கிறானா இல்லை பறந்து போய்விட்டானா என்று காட்டுங்கள். அந்த இதழில் நாயகன் மண்சட்டி தூக்கினால்தான் அவனுக்கு இந்த மண்ணில் ரசிகர் மன்றம்.